எருமைகளை இறக்கியவர்களுக்கும், நேரம் பார்த்து ஏற்றியவர்களுக்கும்

சேற்றில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

சதுப்பில் மண்டிய சம்புக் கோரையைக் குறைத்துப் பறவைகளுக்கு இடம் கொடுக்கத்தான் எருமைகளை மேயவிட்டோம். இந்தப் பருவத்து மேய்ச்சல் முடிந்து மந்தை கரையேறிவிட்டது. சம்பு அடைத்துக் கிடந்த இடத்தில் இப்போது தண்ணீர் தெரிகிறது. பெயர் போட்டு மாலை போடுவதைவிட, யார் செய்த எந்த வேலை எதற்கு உதவியது என்று எழுதிவைப்பதே சரியான நன்றி என்று நினைக்கிறோம். அடுத்த வருடம் புதிதாக வருபவர்களுக்கும் அது பயன்படும்.

முதல் நன்றி அரிவாள் பிடித்தவர்களுக்கு. மாட்டை அவிழ்த்துவிட்டால் போதும், சம்பு ஒழிந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துதான் போவார்கள். முற்றிய சம்பை எருமைகூட முகர்ந்துவிட்டுப் போய்விடும். சம்புத் தட்டையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், உள்ளே தேனடை மாதிரி காற்றறைகள் இருக்கும். சேற்றுக்குள் புதைந்த கிழங்குக்கு அதுதான் மூச்சுக்குழாய். காய்ந்த தட்டை வழியாகக்கூடக் காற்று இறங்கும். அதனால்தான் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே அறுக்கச் சொன்னோம். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அறுத்த கூலி வீண். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து அறுத்ததோடு விடாமல், அறுத்ததையெல்லாம் கரைக்கு இழுத்தும் போட்டீர்கள். அப்படியே மிதக்க விட்டிருந்தால் அழுகி, நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்று, மீனைக் கொன்றிருக்கும்.

அதன்பிறகு தப்பிப் பிழைத்த கிழங்குகள் விட்ட இளந்தளிரை எருமைகள் பார்த்துக்கொண்டன. வெள்ளாடும் செம்மறியும் சதுப்பில் நிற்காது. குதிரை தரையோடு ஒட்டக் கடித்துவிடும். மாடும் எருமையும் நாக்கால் வளைத்துப் பறிப்பதால் ஓரிடம் கட்டையாகவும் ஓரிடம் குத்தாகவும் புல் நிற்கும். கட்டைப்புல்லில் ஆள்காட்டிப் பறவை இரை தேடும், குத்துக்குள் மற்ற பறவைகள் ஒளியும். எருமை புரண்ட பள்ளத்தில் தண்ணீர் தேங்கித் தவளை முட்டையிடுவது கூடுதல் லாபம்.

மேய்ப்பர்களே, உங்களுக்குப் பட்ட கடன் பெரிது. முட்டைக் காலம் முடியும்வரை மந்தையை மேட்டிலேயே நிறுத்திவைத்தீர்கள். ஆள்காட்டி வெறுந்தரையில் நான்கு முட்டை இடும், கூர்முனைகள் எல்லாம் நடுவே பார்த்திருக்கும். ஒரு குளம்பு போதும், அடை முழுக்கப் போய்விடும். பொரிய ஏறக்குறைய நான்கு வாரம், குஞ்சு பறக்க அதற்கு மேலும் ஐந்து வாரம். ஆபத்து வந்தால் குஞ்சு ஓடாது, தரையோடு படுத்துவிடும். பொரித்தாயிற்றே, இனி இறக்கலாம் என்ற அவசரம் அதனால்தான் தப்பு.

ஹெக்டேருக்கு ஒரு மாடு என்று கணக்கு போட்டிருந்தாலும், கணக்கைவிட உங்கள் கண்ணையே நம்பினோம். குளம்புத் தடங்கள் தனித்தனியாக இருந்தால் நல்லது. ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, நடுவே புல்லே இல்லாமல் கூழானால் அன்றைக்கே ஏற்றிவிட வேண்டும். இரவில் மேட்டுப்பட்டியில் கட்டியதால் குளம்பழுகல் தொல்லையும் இல்லை.

கால்நடை மருத்துவருக்கு ஒரு தனி நன்றி. சதுப்பில் நத்தை உண்டு, நத்தை இருந்தால் கல்லீரல் தட்டைப்புழு உண்டு. அதற்காக மந்தை முழுக்க மருந்தை ஊற்றாமல், சாணம் பரிசோதித்துத் தேவைப்பட்டதற்கு மட்டும் கொடுத்தார். மாட்டுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற குடற்புழு மருந்துகள் சாணத்தோடு வெளியேறி, அதிலுள்ள வண்டையும் புழுவையும் கொல்லும். பறவைக்கு இரை வேண்டும் என்றுதானே இத்தனை பாடு! வெளியிலிருந்து வந்த மாடுகளை ஐந்து நாள் தனிப்பட்டியில் வைக்கச் சொன்னதும் அவர்தான். ஏனென்றால், சீமைக்கருவேல நெற்று தின்ற மாடு, விதையை உயிரோடு சாணத்தில் போடும். நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு கதை, அது கால்நடைக்கு நஞ்சு. அதை ஆட்களே வேரோடு பிடுங்கினார்கள், அவர்களுக்கும் நன்றி.

மின்வேலிக்காரர்கள் தினமும் கம்பியில் படர்ந்த புல்லைக் கழித்தார்கள். ஈரப்புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். வேலி செத்ததை மனிதருக்கு முன் எருமை கண்டுபிடித்துவிடும்.

‘பாதுகாக்கும் இடத்தில் மாடா?’ என்று சண்டைக்கு வந்தவர்களுக்கும் நன்றி. கேள்வி நியாயமானது, பதிலும் இருக்கிறது. ராஜஸ்தானில் பறவைகளுக்குப் பேர்போன பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1982-ல் மேய்ச்சலை நிறுத்தினார்கள். எதிர்த்தவர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்களும் போயின. பிறகு பாஸ்பாலம் என்ற நீர்ப்புல் படர்ந்து திறந்த நீரை அடைத்தது. எருமை இருந்தது நல்லதற்குத்தான் என்று பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நீண்ட ஆய்வு காட்டியது. உங்கள் பயத்துக்கும் சான்று உண்டு. நெதர்லாந்தின் ஓஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் சதுப்பில் மாடு, குதிரை, மான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தாமல் விட்டதில், 2017-18 குளிர்காலத்தில் மூவாயிரத்துக்கு மேல் மடிந்தன. பட்டினியில் சாகுமுன் சுட்டுக் கொல்லப்பட்டவையே பெரும்பாலும்.

கடைசியாக, கம்பிக் கூண்டு நட்டு, உள்ளே மேயாத புல்லையும் வெளியே மேய்ந்த புல்லையும் மாதாமாதம் அளந்த பிள்ளைகளுக்கு நன்றி. கூண்டுகளை யாரும் பிடுங்கிவிட வேண்டாம். மழை நின்றதும் இன்னொரு முறை அளக்க வேண்டும், அதை வைத்துத்தான் அடுத்த முறை எத்தனை எருமை என்று முடிவு செய்வோம்.

நன்றியுடன்,
சதுப்பு நிலப் பராமரிப்புக் குழுவினர்