‘கண்டறியப்படவில்லை’: எச்சக் கண்காணிப்பு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பழம், காய்கறிகளில் பூச்சிக்கொல்லி எச்சத்தைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம். எச்ச ஆய்வகம் ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். என் கையெழுத்தோடு வெளியே போன அறிக்கைகளில் அதிகம் வந்த சொல் ‘கண்டறியப்படவில்லை’. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் அது எப்படிப் பிறக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். உறையவைத்த காயை உலர்பனியோடு, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடோடு, சேர்த்துத் தூளாக அரைப்போம். பனி ஆவியாகிப் போனதும் அதில் 10 கிராம் எடுத்து ஒரு குழாயில் போட்டு, 10 மில்லி அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றி ஒரு நிமிடம் விடாமல் குலுக்க வேண்டும். அப்புறம் 4 கிராம் மெக்னீசியம் சல்பேட், 1 கிராம் சாதாரண உப்பு. அந்தச் சல்பேட் தண்ணீரை உறிஞ்சத் தொடங்கியதும் குழாய் உள்ளங்கையில் சுடும். கெச்சர்ஸ் என்று பெயர் பெற்ற இந்த முறை 2003-இல் வெளியானது. மேலே தெளிந்து நிற்கும் திரவத்தைச் சுத்தம் செய்து கருவிக்குள் செலுத்தினால், ஒரே மாதிரியில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடிவிடலாம். கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் இருந்தாலும் பல மருந்துகள் சிக்கிவிடும். 100 டன் காயில் 1 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கருவி, தேடச் சொன்னதைத்தான் தேடும். மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி இந்தக் குழாயில் அகப்படாது. அதை அமிலத்தோடு சூடாக்கி, கிளம்பும் கார்பன் டைசல்பைடை அளந்துதான் பிடிப்பது வழக்கம். களைக்கொல்லியான கிளைபோசேட்டும் காயைப் பழுக்கவைக்கும் எத்திஃபானும் தண்ணீரை விட்டு வர மறுக்கும் ரகம். அவற்றுக்கு வேறு வழி வேண்டும். தனிச் சோதனை என்றால் தனிச் செலவு, தனி நேரம். ஒரு முறை வியாபாரி ஒருவர் வந்து, “இருப்பதிலேயே சின்னப் பட்டியலாகப் பார்த்துச் செய்து கொடுங்கள்” என்றார். செய்து கொடுத்தோம். கண்டறியப்படவில்லை. அறிக்கையில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதைக் காட்டி ‘நஞ்சில்லாதது’ என்று அவர் விற்றது பிறகுதான் தெரிந்தது. கையெழுத்துப் போட்ட எனக்கு அது இன்றுவரை உறுத்துகிறது.

நீங்கள் வெளியிடும் ஆண்டறிக்கையும் பல நேரங்களில் இதே வேலையைத்தான் செய்கிறது. ‘இத்தனை சதவீத மாதிரிகளில் எச்சம் இல்லை’ என்கிறீர்கள். எதையெல்லாம் தேடினீர்கள், எந்த அளவு வரை தேடினீர்கள் என்பதைச் சொல்வதில்லை. 80 மருந்துகளைத் தேடிய ஆய்வகத்தையும் 500 தேடிய ஆய்வகத்தையும் ஒரே அட்டவணையில் அடுக்கினால், குறைவாகத் தேடியவரே சுத்தமானவராகத் தெரிவார். நன்றாகத் தேடியதற்குத் தண்டனை!

மாதிரி எடுப்பதிலும் இந்த மௌனம் உண்டு. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வழிகாட்டுதல்படி நடுத்தர அளவுள்ள காய் என்றால் குறைந்தது 1 கிலோ, குறைந்தது 10 காய். எல்லாம் ஒன்றாக அரைபடும். வருவது சராசரி. பிரிட்டனில் 1990-களில் கேரட்டை ஒவ்வொன்றாகச் சோதித்தபோது, ஒரே வயலில் விளைந்தவற்றிலேயே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் பல மடங்கு வித்தியாசம் இருந்தது. கேரட்டைத் தோல் சீவிச் சாப்பிடுங்கள் என்று 1995-இல் அங்கே மக்களுக்கு ஆலோசனை சொல்லும்படி ஆயிற்று. ஒரு குழந்தை மதியம் சாப்பிடுவது ஒரு கேரட். பத்தின் சராசரியை அது சாப்பிடுவதில்லை. இடர் கணக்குப் போடுகிறவர்கள் இதற்கென ஒரு பெருக்கெண்ணைச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அதை அறிக்கையில் ஒரு வரி எழுதினால் என்ன?

அப்புறம், கழுவினீர்களா இல்லையா? சிரிக்காதீர்கள், ஆய்வகத்தில் இருந்தவரை என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். சட்ட வரம்பைச் சரிபார்க்கும் சோதனையில் கழுவுவது கிடையாது. வாழைப்பழம் தோலோடு அரைபடும். அமெரிக்காவில் 1991 முதல் நடக்கும் பூச்சிக்கொல்லித் தரவுத் திட்டத்திலோ, வீட்டில் செய்வதுபோலக் கழுவி, தோலுரித்துத்தான் சோதிக்கிறார்கள். முதலாவது, விவசாயி விதிப்படி மருந்து அடித்தாரா என்று பார்க்கிறது. இரண்டாவது, சாப்பிடுகிறவர் வயிற்றுக்குள் எவ்வளவு போகிறது என்று பார்க்கிறது. இரண்டு கேள்விக்கும் ஒரே சதவீதத்தைக் காட்டினால் படிக்கிறவர் குழம்பத்தானே செய்வார்?

வரம்பு விஷயத்திலும் இதே கதை. உச்சவரம்பு என்பது நஞ்சாகும் எல்லை இல்லை. சொன்ன அளவில், சொன்ன இடைவெளியில் மருந்து அடித்து, காத்திருப்புக் காலம் முடிந்து அறுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று வயலில் சோதித்துப் போட்ட கோடு அது. அந்த அளவு மிஞ்சினால் உடம்பு தாங்குமா என்பதைத் தனியாகக் கணக்குப் பார்த்த பிறகே அனுமதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் தனி வரம்பு இல்லாத மருந்துக்குப் பொதுவாகக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமே வரம்பு. ஆகவே பக்கத்து வயலிலிருந்து காற்றில் வந்த சாரல்கூட ஒருவரை விதிமீறியவர் ஆக்கிவிடலாம். இதை நீங்கள் விளக்காததால் ஒரு பக்கம் பீதி, இன்னொரு பக்கம் ‘எல்லாத்திலயும்தான் மருந்து இருக்கு’ என்ற அலட்சியம்.

இதை வைத்து, வரம்பு மீறல் சும்மா காகிதக் குற்றம் என்று வாதிட வருகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு 1985 கலிஃபோர்னியாவை நினைவூட்டுவேன். தர்பூசணிக்கு அனுமதியே இல்லாத ஆல்டிகார்ப் என்ற பூச்சிக்கொல்லி தர்பூசணிக்குள் ஏறியிருந்தது. அந்தக் கோடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோய்வாய்ப்பட்டதாகப் புகார்கள் பதிவாயின. அது வேரால் உறிஞ்சப்படும் மருந்து. கழுவினாலும் சீவினாலும் போகாது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீரை மூன்று நாளில் வாடிவிடும். உங்கள் முடிவு வரும்போது அது சாப்பிட்டு முடிந்திருக்கும். அந்தச் சரக்கைத் தடுப்பதற்கு இந்தச் சோதனை பெரும்பாலும் உதவாது. எந்த வயல், எந்த மருந்து, அறுப்புக்கு எத்தனை நாள் முன்னால் என்று பின்னோக்கிப் போக உதவும். ஆனால் நான் இருந்த வரை, அறிக்கை மேலே மட்டும்தான் போனது. மருந்து அடித்தவர் கைக்கு அது போய்ச் சேர்ந்து நான் பார்த்ததில்லை. புட்டியில் அச்சிடாத மருந்து உள்ளே கலந்திருந்தால் அவருக்கு அதைச் சொல்ல உங்களைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆகவே, கோரிக்கை சின்னது. ஒவ்வொரு மாதிரிக்கும் என்ன காய், எங்கே எடுத்தது, கண்ணை மூடி எடுத்ததா சந்தேகப்பட்டு எடுத்ததா, என்னென்ன தேடினோம், எந்த அளவு வரை தேடினோம், என்ன கிடைத்தது என்பதை அப்படியே வெளியிடுங்கள். சந்தேகத்தில் எடுத்த மாதிரிகளைப் பொதுச் சதவீதத்தில் கலக்காதீர்கள். வரம்புக்குள் நாலைந்து மருந்துகள் ஒரே பழத்தில் சேர்ந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அப்படிச் சேர்ந்த விளைவை மதிப்பிடும் முதல் ஆய்வுகளை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் வெளியிட்டுவிட்டது. நம் எண்கள் வெளியே வந்தால்தான் மற்றவர்களும் அந்தக் கணக்கைப் போட முடியும்.

இதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். தேடிய மருந்துகளின் பட்டியல் ஆய்வகக் கணினியில் ஒவ்வொரு மாதிரியோடும் ஏற்கெனவே கிடக்கிறது. நானே எத்தனையோ முறை, ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும் என்று அதை நீக்கிவிட்டுத்தான் அச்சடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

இப்படிக்கு,
முன்னாள் எச்ச ஆய்வாளர் ஒருவர்