பாட்டி சொல்லித்தந்த சொல்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? வேலை பழகிவிட்டது, குளிரும் பழகிவிட்டது. பேச்சுதான் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. நீ ஆங்கிலம் படிக்கிறவள் என்பதால் ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாது. ஆனால் பேச ஆரம்பித்தால் புருவம் ஏறி இறங்கும், கைவிரல் பத்தும் கூடவே பேசும், கதை முடியும் முன்பே சிரிப்பு வந்துவிடும். என்னோடு வேலை செய்யும் பெண் அவரை 'விவேஷஸ்' (vivacious) என்றாள். அகராதியில் பார்த்தால் சுறுசுறுப்பான என்று இருக்கிறது. எழுந்து நிற்கவே முடியாதவரிடம் என்ன சுறுசுறுப்பு?

அப்புறம்தான் புரிந்தது. அது ஓடியாடுவதைச் சொல்வதல்ல. முகத்திலும் பேச்சிலும் தெரிகிற உயிர்ப்பு. நம் கலகலப்பு கிட்டத்தட்ட வரும். ஆனால் வீடு கலகலப்பாக இருக்கிறது என்றும் சொல்வோமே, அந்த இடத்தில் இவர்கள் 'லைவ்லி' என்பார்கள். விவேஷஸ் பெரும்பாலும் ஆளுக்குத்தான்.

தினமும் தோட்டத்தை விறுவிறுவென்று சுற்றிவரும் தாத்தா ஒருவரைப் பற்றி அன்றாடக் குறிப்பில் அதே சொல்லை எழுதினேன். செவிலியர் கூப்பிட்டு, அது அநேகமாகப் பெண்களுக்கே சொல்லும் சொல், இவருக்கு 'ஸ்ப்ரை' (spry) என்று எழுது என்றார். வயதாகியும் தளராமல் நடமாடுகிறவர்களுக்கான சொல்லாம். துறுதுறு என்பதை நாம் குழந்தைகளுக்கு வைத்திருக்கிற மாதிரி. வழக்கம் சரி, ஆனால் முகத்தில் உயிர்ப்பு உள்ள ஆணுக்கு அந்தச் சொல்லைத் தராதது எனக்கு நியாயமாகப் படவில்லை.

விவேஷஸின் வேர் லத்தீன். 'விவேரே' என்றால் வாழ்வது. அதில் பிறந்த 'விவாக்ஸ்' என்ற சொல்லுக்கு நெடுநாள் வாழ்கிற, உயிர்த்துடிப்புள்ள என்று இரண்டு பொருளும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்திருக்கிறது. சர்வைவ், ரிவைவ், விவிட் எல்லாம் ஒரே குடும்பம். இரண்டு பொருளுமே பாட்டிக்குப் பொருந்துகிறது, பார்.

முதலில் நான் அதை 'விவாசியஸ்' என்றுதான் படித்தேன். பாட்டிதான் 'வே'யை அழுத்தி, வாயைத் திறந்து காட்டி, மூன்று முறை சொல்லவைத்தார்.

நேற்று உன் படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்துவிட்டு, உன்னையும் அந்தச் சொல்லால்தான் சொன்னார். அதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்புடன்,
அண்ணன்