கழுகுமலைப் பயணம்: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வருகிற சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கழுகுமலைக்கு அழைத்துச் செல்கிறோம். காலை 6.30 மணிக்குப் பள்ளி வாசலிலிருந்து பஸ் புறப்படும். மதியச் சாப்பாடு, தண்ணீர், தொப்பி கொடுத்தனுப்புங்கள். ஜியோமெட்ரி பாக்ஸ் மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஏற்பாடுகளுக்காகச் சென்ற மாதம் நானும் இரண்டு ஆசிரியர்களும் அங்கே போயிருந்தோம். மலையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கி, நடுவில் நின்ற ஒற்றைக் கல்லையே கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். அதுதான் வெட்டுவான் கோயில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வேலை. மேலே தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசிக்கிறார். அடிப்பகுதியோ முடிவடையாமலே நிற்கிறது. எனக்கு அந்த முடியாத பகுதிதான் மிகவும் பிடிக்கும். கல் எப்படிக் கோயிலாகிறது என்பதைப் பிள்ளைகள் அங்கேதான் கண்ணால் பார்க்க முடியும்.

அதே மலையில் சமணச் சிற்பங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. சமணர் வணங்கும் ஞானியரான தீர்த்தங்கரர்கள், துறவி பாகுபலி, பெண் காவல் தெய்வமான இயக்கி அம்பிகை. பல உருவங்களின் கீழே, அதைச் செய்வித்தவர் பெயர் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் இருக்கிறது. அவர்களில் தச்சர் உண்டு, குயவர் உண்டு. குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவர்களுடைய மாணாக்கியரும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு டீச்சரும் அவருடைய மாணவியும்! அதைத் தெரிந்துகொண்டபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த எழுத்துக்கு ஒரு சாண் தள்ளி, காம்பஸ் முனையால் கீறிய ஒரு பெயர். அதன் கீழே நம் பள்ளியின் பெயரும் வகுப்பும்.

யார் என்று நான் விசாரிக்கவில்லை. சொல்லிக் கொடுத்து அழைத்துப் போயிருக்க வேண்டியவர்கள் நாங்கள். அதனால் முதல் தவறு எங்களுடையது. ஆனால் அந்தக் கீறல் இனிப் போகாது. தேய்த்து அழிக்கப் பார்த்தால் பாறையின் மேற்பரப்பும் சேர்ந்தே தேயும். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தடவுவதும், சிற்பத்தின் மேல் ஏறி நின்று படம் எடுப்பதும் அதே போன்ற கேடுதான். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம் அது. காவலர் ஒருவர் எத்தனை கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்?

இந்த வாரம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையிடம் இதைப் பேசுங்கள். திட்ட வேண்டாம், அந்தக் குரத்தியாரைப் பற்றிச் சொன்னாலே போதும். சனிக்கிழமை ஒவ்வொருவரும் ஒரு வட்டெழுத்தைப் பார்த்து, பென்சிலால் நோட்டில் வரைவார்கள். தங்கள் பெயரையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளட்டும்.

உடன்வர விரும்பும் பெற்றோர் நான்கு பேருக்கு பஸ்ஸில் இடம் இருக்கிறது. புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்