ஹேண்ட்பால் அணி மாணவிகளின் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் மாணவிகள் மாவட்டப் போட்டிக்குத் தேர்வானது உங்களுக்குத் தெரியும். பயிற்சி முடிந்து வந்ததும் பிள்ளை பையைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறாள் என்பதும் உங்களுக்குத்தான் தெரியும். "ஒரு மணி நேரம் பந்து விளையாடினதுக்கா இவ்வளவு அசதி?" என்று சிலர் நேரில் வந்து கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

ஹேண்ட்பால் என்பது பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம். இரண்டு பாதி, பாதிக்கு 30 நிமிடம். 40 மீட்டர் நீள மைதானத்தில் பந்து கைமாறும்போதெல்லாம் கோல்கீப்பர் தவிர ஆறு பேரும் மறுமுனைக்கு ஓட வேண்டும். ஓட்டம் மட்டும் என்றால் பரவாயில்லை. கோலுக்கு முன்னால் இருக்கும் ஆறு மீட்டர் கோட்டருகே எதிரணிப் பிள்ளையை உடம்பால் மறிக்க வேண்டும், தள்ளுப்பட வேண்டும், துள்ளி எறிந்து விழுந்து எழுந்து மறுபடி ஓட வேண்டும். போதாக்குறைக்கு, ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்துவிடுகிறார்கள், அதுவும் வெயிலில்.

எங்கள் கவலை முழங்காலைப் பற்றித்தான். ஆட்டத் தொடக்கத்தில் துள்ளி எறிந்துவிட்டு, முழங்காலை மடக்கி மெத்தென்று இறங்கும் பிள்ளை, கடைசிப் பத்து நிமிடத்தில் ஒற்றைக் காலில் விறைப்பாக இறங்குகிறாள். முழங்கால் உள்பக்கம் சாய்கிறது. யாரும் இடிக்காமலே உள்ளே தசைநார் அறுந்துபோவது இப்படித்தான். இந்த ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். நார்வேயில் இளம் ஹேண்ட்பால் வீரர்களுக்குச் சரியாக இறங்கவும் திரும்பவும் பழக்கும் பயிற்சியை, விளையாடத் தொடங்கும் முன் உடம்பைத் தயார்ப்படுத்தும் வார்ம்-அப்பில் சேர்த்துப் பார்த்தார்கள். முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நம் உடற்கல்வி ஆசிரியையும் முதல் 20 நிமிடம் அதைத்தான் செய்ய வைக்கிறார். தயவுசெய்து தாமதமாக அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. ஹேண்ட்பாலில் ஆட்டத்தை நிறுத்தாமலே எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம். இனி களைத்த பிள்ளையை உடனே வெளியே அழைத்துவிடுவோம், ஆட்டம் கைநழுவினாலும் சரி. "என் பொண்ணை உட்கார வச்சுட்டாங்க" என்று வருத்தப்பட வேண்டாம்.

வெறும் டீயைக் குடித்துவிட்டு மைதானத்துக்கு வரும் பிள்ளைகள் பாதிப் பேர். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாக நாலு இட்லி, ஒரு வாழைப்பழம் போதும். உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் போடச் சொல்லுங்கள், டீயோடு மட்டும் வேண்டாம். படியேறவே மூச்சு வாங்கினால் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். மாதவிடாய் நாட்களில் விளையாடலாம். உதிரப்போக்கோ வலியோ அதிகமென்றால் ஆசிரியையிடம் சொன்னால் போதும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

அப்புறம், போட்டி முடிந்து வரும் இரவு பாத்திரம் துலக்குவதை வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பியிடம் கொடுங்கள். அவளுக்குத் தூக்கம்தான் வேண்டும்.

ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தனுப்புங்கள். முன்பு முழங்காலிலோ கணுக்காலிலோ அடிபட்டிருந்தால் அதிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்