எண்பது காசுப் படம்

அக்கா,

நாளை இத்தாலியின் தூரின் நகரத்து அறையைக் காலி செய்கிறேன். சுவரில் ஒட்டியிருந்த தபால் அட்டையைக் கிழியாமல் எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. ஓவியர் மொர்பெல்லி நெல் வயலில் களை பறிக்கும் பெண்களை வரைந்த 'எண்பது சென்டெசிமோவுக்கு'. அதை வாங்கி இன்றோடு இரண்டு வருடம். நீங்கள் என்னோடு சரியாகப் பேசியும்.

வெர்செல்லியில், போர்கோஞ்ஞா அருங்காட்சியகத்தில், நான் தண்ணீரைத்தான் பார்த்தேன். ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் அகலத்துக்குள் வயல் முழுக்கத் தண்ணீர், கிட்டப் போனால் கலக்காத நிறங்கள் நூல் நூலாக, இரண்டடி தள்ளி வந்தால் அதுவே வெயில் பட்ட சேற்று வயல். நீங்கள் பார்த்தது இடுப்புகளை. வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள், ஒரு நாள் கூலி எண்பது சென்டெசிமோ, நூறு சேர்ந்தால்தான் ஒரு லீரா. "களை பறிச்சுட்டு வந்தா ராத்திரி புரண்டு படுக்க முடியாது, அம்மா சுவரைப் பிடிச்சுதான் எழுந்திருக்கும்" என்றீர்கள். அதற்கு நான், "ஒரு லீராவுக்கு 20தானே குறையுது, 1895-ல அது அவ்வளவு மோசமா?" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் உங்கள் அம்மா களை பறிக்கப் போனவர் என்று அந்த நிமிடம் வரை எனக்கு யார் சொன்னது? எட்டு மாதம் ஒரே அறை, நான் கூலி அளந்த வீட்டுப் பெண் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருந்தது. ரயிலில் என் தாத்தாவைப் பற்றி நீங்கள் சொன்னதை இங்கே எழுத முடியாது, சித்தப்பா இதையெல்லாம் படிப்பார். பொய் என்று நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் எல்லோர் முன்னாலும் என்னைக் 'கணக்குப்பிள்ளை' என்று கூப்பிட ஆரம்பித்தீர்களே, அது தேவையா? அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன் பாருங்கள், அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

போன ஞாயிறு தனியாகப் போய் மறுபடி பார்த்தேன். அந்த வெர்செல்லி வயல்களில் களை பறித்த பெண்கள் 1906-ல் வேலைநிறுத்தம் செய்து எட்டு மணி நேர வேலையை வாங்கியிருக்கிறார்கள். இதை உங்களுக்கு அனுப்பலாம் என்று தட்டச்சு செய்து, மறுபடியும் கணக்கா என்பீர்களோ என்று அழித்துவிட்டேன்.

எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் இந்த ஊர் ரிசோட்டோ அரிசியில் கஞ்சி வைத்துக் கொடுத்தீர்கள், பசை மாதிரி இருந்தது, இரண்டு கிண்ணம் குடித்தேன். அந்தக் குக்கர் என்னிடம்தான் இருக்கிறது. கேஸ்கெட் போய்விட்டது. எந்த முகவரிக்கு அனுப்ப?