இரவல் டிஸ்க்

மதுரை,
19.1.2025

அன்புள்ள முரளி,

தீபாவளிக்கு வந்த கடிதத்துக்குப் பொங்கல் கழித்துப் பதில் எழுதுகிறவனை நீ என்ன சொல்லித் திட்டுவாய் என்பது எனக்குத் தெரியும். அதை மனத்துக்குள் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே படி. வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குப் பரவாயில்லை. அழகர் மறுபடியும் வேலையை விட்டுவிட்டான். இந்த முறை காரணம் ஆட்டுப்பண்ணை.

என்னை எழுத உட்கார வைத்தது ஒரு டிஸ்க். போகிக்கு முதல் நாள் பரணை ஒழித்தபோது, 2012-இல் நீ கொடுத்துவிட்டுப் போன அந்தக் கார்ப் பந்தய டிஸ்க், உறை இல்லாமல், மிச்சப்பட்டுப்போன என் கல்யாணப் பத்திரிகைக் கட்டிலிருந்து வழுக்கி விழுந்தது. கயல் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது முரளி மாமா இரவல் கொடுத்தது என்று நான் சொன்னதும், “அப்ப மாமா கணக்குலேருந்து இந்த கேம் போயிடுச்சாப்பா?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான், விலை கொடுத்துப் பதிவிறக்கிய ஒரு கேமைத் தன் தோழிக்கு இரண்டு நாள் கொடுக்க வழி தேடி, அவளும் நானும் ஒரு மாலை முழுவதும் திரையைத் துழாவித் தோற்றிருந்தோம்.

அன்றிரவு நம் 2013 ஜூன் மாதச் சண்டை முழுவதும் நினைவுக்கு வந்தது. டிவியில் இணைத்து கேம் விளையாடும் தன் புதிய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கான விதிகளை மைக்ரோசாஃப்ட் ஜூன் 6 அன்று வெளியிட்டபோது, சான் ஹோசேயிலிருந்து தொலைபேசியில் அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டியவன் நீதான். வாசித்ததோடு நில்லாமல் அவர்களுக்காக வாதாடியவனும் நீதான். கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும். இன்னொருவர் வீட்டுக் கன்சோலில் உன் கணக்கைத் திறந்து விளையாடினால் ஒவ்வொரு மணி நேரமும் தலைகாட்ட வேண்டும். வாங்கிய டிஸ்க்கை நண்பனுக்குக் கொடுப்பதென்றால், அவன் 30 நாளாவது உன் நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒரு டிஸ்க்கை ஒரே முறைதான் கொடுக்கலாம். மின்வெட்டு ஓயாத மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்டவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீ ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. போதாக்குறைக்கு, முதலில் அது விற்பனைக்கு வரும் 21 நாடுகளின் பட்டியலில் இந்தியாவின் பெயரே இல்லை. ஜப்பானின் பெயரும் இல்லை என்று நீ எனக்கு ஆறுதல் சொன்னாய்.

மைக்ரோசாஃப்டில் எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த டான் மேட்ரிக், இணைய வசதி இல்லாதவர்களுக்கும் தங்களிடம் ஒரு பொருள் உண்டு, அதன் பெயர் எக்ஸ்பாக்ஸ் 360 என்று முந்தைய கன்சோலைக் கைகாட்டிச் சொன்னாரே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் கைகாட்டிய அதே 360 என் மேசைமேல் இருந்தது: நீ அமெரிக்காவிலிருந்து பெட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்தது, நம் ஊர் 230 வோல்ட்டைத் தாங்காதென்று செங்கல் கனத்தில் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கி அதன் முன்னால் நிறுத்தி, அதன் ரீங்காரத்தோடு நான் விளையாடிக்கொண்டிருந்தது.

பிறகு நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லும் சுகத்துக்காகச் சொல்கிறேன். ஜூன் 10 அன்று லாஸ் ஏஞ்சலஸில் மைக்ரோசாஃப்ட் தன் விலையை 499 டாலர் என்று அறிவித்தது. அன்று மாலையே போட்டி நிறுவனமான சோனியின் ஜாக் டிரெட்டன் மேடையேறி, பழைய டிஸ்க்குகளுக்குத் தடை இல்லை, இணையச் சோதனை இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அரங்கம் ஆர்ப்பரித்தது. அவர்களுடைய பிளேஸ்டேஷன் 4 கன்சோலின் விலையோ 399 டாலர். ‘கேமை இரவல் கொடுப்பது எப்படி’ என்று அவர்கள் வெளியிட்ட அரை நிமிடம்கூட ஓடாத படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன்! சோனி அதிகாரி ஷுஹெய் யோஷிடாவும் இன்னொரு அதிகாரியும் நிற்கிறார்கள், ஒரு டிஸ்க் உறை கை மாறுகிறது, ஒரு நன்றி, அவ்வளவுதான். ஒன்பதே நாளில், ஜூன் 19 அன்று, மேட்ரிக் எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை இணைத்தால் போதும், டிஸ்க்கை விற்கலாம், கொடுக்கலாம், எந்த நாட்டு டிஸ்க்கும் எந்தக் கன்சோலிலும் ஓடும் என்றார். அடுத்த மாதம் முதல் தேதியே அவர் ஸிங்கா என்ற கேம் நிறுவனத்துக்குப் போவதாகச் செய்தி வந்தது. மக்கள் குரலுக்குச் செவிசாய்த்தார்கள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அந்த நூறு டாலர் வித்தியாசம் இல்லாதிருந்தால் அந்தச் செவி இன்னும் கொஞ்ச நாள் மந்தமாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பந்தயத்தில் தோற்ற பிரியாணியை நீ இன்னும் வாங்கித் தரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆனால் நீ அன்று கத்திய ஒன்றை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. குடும்பத்தில் பத்துப் பேர்வரை ஒரே கேம் தொகுப்பை, எங்கிருந்தாலும், பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று அந்தத் திட்டத்தில் இருந்தது; பின்வாங்கியபோது அதையும் சேர்த்துக் கைவிட்டார்கள். பதரைத் தூற்றும்போது நெல்லையும் கொட்டிவிட்டார்கள் என்று நீ புலம்பினாய், நான் உன்னைக் கேலி செய்தேன். அந்த நெல்லில் ஒரு பிடி இருந்திருந்தால் போன வாரம் கயல் முகம் வாடியிருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. போன வருடம் அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். டிஸ்க் போடும் வாயே அதில் கிடையாது. யாரும் என் கழுத்தைப் பிடித்து வாங்கச் சொல்லவில்லை. விலை குறைவு, மேசையில் இடம் அடைக்காது என்று நானே கடையில் கைகாட்டி வாங்கினேன். அன்று பன்னிரண்டு நாள் தூங்காமல் எதை எதிர்த்தேனோ, அதைவிடக் கண்டிப்பான ஒன்றுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். இவற்றில் ஓடும் கேம்களை வாங்கினோம் என்று சொல்வதுகூடச் சரியில்லை போலிருக்கிறது. உங்கள் கலிஃபோர்னியாவிலேயே இந்த ஜனவரி 1 முதல், வாடிக்கையாளருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்ற சொல்லைக் கடைக்காரர்கள் போடக் கூடாதென்று சட்டம் வந்திருக்கிறதாமே. உன் திரையில் அந்த வாசகம் எப்படித் தெரிகிறது என்று எழுது.

பழைய 360-க்கான இணையக் கடையும் போன ஜூலை 29 அன்று மூடப்பட்டுவிட்டது. ஆகவே டிஸ்க் கிடைத்த அன்றிரவே கன்சோலையும் டிரான்ஸ்ஃபார்மரையும் தூசி தட்டிப் பொருத்தினேன். முதல் இரண்டு முறை தட்டு வெளியே வர மறுத்தது. பக்கவாட்டில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டியதும் வந்தது. டிஸ்க் சுழலும் அந்த இரைச்சலைக் கேட்டு அம்மாவே எழுந்துவந்து, மிக்ஸி ஓடுகிறதா என்று கேட்டார். நெட் கம்பியைப் பிடுங்கியே வைத்திருந்தேன். அது யாரையும் எதையும் கேட்கவில்லை. கார்கள் வந்து வரிசையில் நின்றன.

உன் டிஸ்க்கை அடுத்த தபாலில் அனுப்புவதாகத்தான் இருந்தேன். ஆனால் நேற்றுக் காலை கயல் அதைத் தன் தோழிக்கு இரவல் கொடுத்துவிட்டாள். கன்சோலையும் டிரான்ஸ்ஃபார்மரையும் நான்தான் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தேன். எப்போது திரும்பி வரும் என்று தெரியாது. உறையைப் பத்திரமாக வைத்திரு.

அன்புடன்,
செந்தில்