அப்பாவின் ஆபரேஷன் பற்றி

அன்புள்ள செந்தில்,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. அப்பாவுக்கு நுரையீரலைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கிறது, டாக்டர் துளை போட்டுச் சுத்தம் செய்யச் சொல்கிறார், வீட்டில்தான் தயங்குகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். தள்ளிப்போடாதே. போன வருஷம் என் தம்பிக்கும் இதேதான்.

நிமோனியாவுக்குப் பிறகு அவனுக்குச் சேர்ந்த நீர் சீழாகிவிட்டது. ட்யூப் போட்டார்கள். இரண்டு நாள் வடிந்தது, அப்புறம் நின்றுவிட்டது. உள்ளே சிலந்தி வலை மாதிரித் தடுப்புகள் கட்டி, சீழ் தனித்தனிப் பையாகத் தேங்கிவிட்டதாம்.

ஆபரேஷன் என்றதும் எனக்குப் பெரியப்பாவின் தழும்பு ஞாபகம் வந்தது. முதுகிலிருந்து மார்பு வரை ஓடும். விலா எலும்புகளை விரித்துச் செய்தது. அப்படி விரிக்கும்போது நசுங்கும் நரம்புதான் வருஷக்கணக்கில் வலிக்குமாம். தம்பிக்கு விலாவை விரிக்கவே இல்லை. மூன்று துளைகள், பெரியதே ஓர் அங்குலம் இருக்கும்.

டாக்டர் வீடியோவைக் காட்டினார். அந்தப் பக்க நுரையீரலுக்கு மட்டும் காற்றை நிறுத்துகிறார்கள். அது சுருங்கி, கேமராவுக்கு இடம் விடுகிறது. அதன் மேல் பாலாடை போல மஞ்சள் படலம். இடுக்கியால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். கடைசியில் காற்றை விட்டதும், ஒடுங்கிக் கிடந்த நுரையீரல் மெல்ல எழும்பி நெஞ்சுக்கூட்டை நிறைத்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

புது முறையோ என்று அப்பா பயப்பட வேண்டாம். 1910இலேயே சுவீடனில் யாகோபேயுஸ் என்ற டாக்டர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாயை நெஞ்சுக்குள் விட்டுப் பார்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் டிபி நோயாளிகளுக்குத்தான் இதை அதிகம் செய்தார்கள். டிபிக்கு மருந்து வந்ததும் மங்கிப்போன இந்த முறை, குட்டி கேமராக்கள் வந்த பிறகு 1990களில் திரும்பி வந்தது.

நாள் போகப் போக அந்தப் படலம் தோல் மாதிரி கெட்டிப்படும். அப்போது துளை போதாமல் நெஞ்சைத் திறக்க வேண்டி வரலாம். அப்பாவின் இதயம் ஒற்றை நுரையீரலோடு தாங்குமா, நடுவில் திறக்க நேருமா என்று மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்.

அப்புறம், ஆபரேஷன் முடிந்ததும் நுரையீரல் நன்றாக விரிவதற்காக, மூச்சை உள்ளிழுத்து மூன்று பந்துகளைத் தூக்கும் கருவி ஒன்று தருவார்கள். தம்பி முதல் நாள் ஒரு பந்தைக்கூட அசைக்கவில்லை, வலிக்கிறது என்று தள்ளிவைத்துவிட்டான். பக்கத்திலேயே உட்கார்ந்து செய்ய வைத்தோம். ஐந்தாம் நாள் மூன்றும் எழும்பின. அப்பாவுக்கு அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். தேதி குறித்ததும் போன் பண்ணு, கிளம்பி வருகிறேன்.

அன்புடன்,
ரவி